ஐந்தாவது காது

அத்தியாயம் ஆறு

டீச்சருக்கு இரண்டு வகை மனிதர்களைக் கண்டால் ஆகாது. பொய் சொல்கிறவர்கள் ஒரு வகை. அதையும் உருப்படியாகச் சொல்லத் தெரியாதவர்கள் இன்னொரு வகை. முதல் வகையையாவது சில சமயம் மன்னித்துவிடுவார்.

கணக்கு டீச்சராகக் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு அவர் துப்பறியும் நிலையம் திறந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "விடைத்தாள் திருத்துறதும் இதுவும் ஒரே வேலைதான். எவன் ஏமாத்தியிருக்கான்னு பார்க்கணும், அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு, உதவியாளனாக அவர் சேர்த்துக்கொண்டது யாரை என்கிறீர்கள்? தன் வகுப்பிலேயே காப்பி அடிப்பதில் கொடிகட்டிப் பறந்த பழைய மாணவனை. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் அன்றைக்கு அவன் பெயர் சோடா. தொப்பையும் வழுக்கையும் வந்த பிறகும் சோடாதான்.

அன்று காலை இரண்டு பேரும் ஒரு பல் டாக்டர் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் நின்று, மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்த ஒரு கார் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதைத்தான் நான் திருடிப் பதுக்கி வெச்சிருக்கேனாம்" என்றாள் பல் டாக்டர். "மத்தியானம் போலீசோட லாரி வருது. எஞ்சினை ஏத்திட்டுப் போறாங்களாம். நானும் ஸ்டேஷனுக்கு வரணுமாம்."

விஷயம் இதுதான். அவளுடைய பெரியப்பா ஒரு எஞ்சின் தொழிற்சாலையின் முதலாளி. படுத்துக் கிடந்த அந்தத் தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்தியது ஒரு நாலு சிலிண்டர் எஞ்சின் குடும்பம். ஒரே வார்ப்பில் பிறந்த நாலு உடன்பிறப்புகள். மூத்தது ஒரு லிட்டர், கடைக்குட்டி ஒன்று புள்ளி ஆறு. சிலிண்டரைக் கொஞ்சம் அகலப்படுத்தியும், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டியும் நாலையும் ஒரே அச்சிலிருந்து எடுத்திருந்தார்கள். டாக்சியில் அதுதான், ஸ்கூல் வேனில் அதுதான், மீன்பிடிப் படகில் அதுதான், ஆஸ்பத்திரி ஜெனரேட்டரிலும் அதுதான்.

இத்தனைக்கும் 'தந்தை' என்று ஊரெல்லாம் போஸ்டர் அடித்து ஒட்டிக்கொண்டவர் முதலாளியின் மருமகன். அறைக் கதவில் 'தொழில்நுட்ப டைரக்டர்' என்று எழுதியிருக்கும். தொழிற்சாலையில் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும்.

பல் டாக்டரின் அப்பா, முதலாளியின் கூடப்பிறந்த தம்பி. இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து முதல் எஞ்சினைச் செய்தவர் அவர்தான் என்பது மகள் கட்சி. வரைபடங்களை அண்ணனிடம் காட்டச் சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார். கொஞ்ச நாளில் எஞ்சின் மாப்பிள்ளை பெயரில் வெளியே வந்தது. தம்பி ரோஷக்காரர். அண்ணனும் இதற்கு உடந்தை என்று நினைத்துக் கதவைச் சாத்தினவர், போன வருஷம் கண்ணை மூடும்வரை திறக்கவில்லை.

"கொட்டகையைக் காலி பண்ணலாம்னு பெரியப்பாவுக்குப் போன் பண்ணினேன். 'அப்பாவோட எஞ்சின் ஒண்ணு கிடக்கு, ஞாபகமா வெச்சுக்கறீங்களா'ன்னு ஆசையா கேட்டேன். மறுநாளே பெரியப்பாவோட மாப்பிள்ளை, எங்க அத்தான், புகார் கொடுத்துட்டாரு. ஃபேக்டரி சோதனைக்கூடத்துலேருந்து எங்கப்பா திருடிட்டு வந்த எஞ்சினாம். மன்னிப்பு எழுதிக் கொடுத்தா விட்டுடுவாராம்." அவள் எஞ்சின்மேல் கையை வைத்தாள். "எனக்கு எஞ்சின்கூட வேண்டாம் டீச்சர். செத்த மனுஷனைத் திருடன்னு சொல்றாங்களே, அதைத்தான் தாங்க முடியல."

"வரைபடம் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"துண்டுகூட இல்ல. எல்லாத்தையும் அத்தான்தான் வாங்கிட்டுப் போனாரே."

"பேப்பர் மொத்தத்தையும் வாங்கிட்டுப் போறது எங்க காலத்துல கிடையாது டீச்சர்" என்றான் சோடா. "நாங்கல்லாம் எட்டிப் பார்த்து எழுதினதோட சரி. அதுல ஒரு கௌரவம் இருந்துச்சு."

"வாயை மூடிட்டு டார்ச்சைப் பிடி."

டீச்சர் குனிந்து எஞ்சினைச் சுற்றி வந்தார். காரோடு சேர்த்துப் பூட்டுவதற்காக அதன் உடம்பில் நாலு காதுகள் துருத்திக்கொண்டு நின்றன, அண்டாவுக்குக் காது இருப்பது மாதிரி. நாலிலும் நேரான துளைகள். இடது பக்கம் கீழே, யாரும் கேட்காமலே முளைத்தது போல ஐந்தாவதாக ஒரு குட்டிக் காது. அதன் துளை மட்டும் கோணலாக, சாய்ந்து இறங்கியது.

"இது எதுக்கு?"

"எனக்குப் பல்லுலதான் ஓட்டை பார்க்கத் தெரியும் டீச்சர்" என்றாள் அவள்.

கொட்டகை வாசலில் சக்கரம் வைத்த ஒரு இரும்புச் சட்டத்தில் அவளுடைய வெள்ளைக் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. சட்டத்துக்கு மூன்று கைகள், கைக்கு ஒரு கோட்டு. நாலாவது கை உடைந்து மொட்டையாக நின்றது. அந்த மொட்டையிலிருந்து சாய்வாகத் தொங்கிய இரும்புப் பட்டையில் துணி கிளிப்புகள். சோடா தன் தொப்பியை மொட்டைக் கையில் மாட்டினான். அது வழுக்கி விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினான்.

"ஏம்மா, துணி காயப்போட ஒரு கயிறு கட்டக் கூடாதா?"

"அப்பாவோட இரும்பு. தூக்கிப் போட மனசு வரல" என்றாள் பல் டாக்டர்.

தொழிற்சாலைக்குப் போகப் பிடித்த டாக்சியிலும் அதே குடும்பத்து எஞ்சின்தான். ஏறுவதற்கு முன்னால் டீச்சர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஐந்தாவது காது அங்கேயும் இருந்தது. அதில் ஹாரன் வயரைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"அது சும்மா கிடக்குதுங்க" என்றார் டாக்சிக்காரர். "எதோடவும் சேராது. என் மச்சான் படகுலயும் இதே எஞ்சின்தான். அவன் அந்த ஓட்டையில கை துடைக்கிற துணியைச் சொருகி வெச்சிருக்கான்."

"ஏன் வெச்சாங்கன்னு யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்டேனே. 'பெரிய பெரிய இன்ஜினியருங்க காரணம் இல்லாமலா வெப்பாங்க'ன்னு மெக்கானிக் சொன்னான்."

டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். இந்தப் பதிலை அவர் எத்தனையோ மக்குப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தார்.

மாப்பிள்ளை அவர்களை வாசல்வரை வந்து வரவேற்றார். பல் டாக்டர் மன்னிப்பு எழுதிக் கொடுக்க ஆள் அனுப்பியிருக்கிறாள் என்ற நினைப்பு. எண்ணெய் வழியும் தொழிற்சாலையில் அவர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். அந்த ஷூவில் ஒரு பொட்டு அழுக்கில்லை. டீச்சருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"கையெழுத்து அப்புறம் ஆகட்டும் சார். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைக் கண்டுபிடிச்சவர் வாயாலேயே கேட்டா நல்லா இருக்கும்" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான், மனிதருக்குக் குளிர்ந்துவிட்டது. பட்டறை பட்டறையாகக் கூட்டிக்கொண்டு போனார். மெஷின்கள் எல்லாம் ஒரே பாசிப் பச்சை நிறம். அவர் எஞ்சினைப் பற்றிப் பேசினாரே தவிர, ஒரு எஞ்சினையும் தொடவில்லை. கை இரண்டும் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தன.

ஒரு பெரிய மெஷின், வார்த்து வந்த எஞ்சின் பிளாக்கில், அதாவது வெறும் உடம்பில், அத்தனை துளைகளையும் ஒரே மூச்சில் போட்டுத் தள்ளியது. ஆனால் அதோடு முடியவில்லை. ஒவ்வொரு பிளாக்கும் மூலையிலிருந்த இன்னொரு மெஷினுக்குப் போய், சாய்ந்த மேடையில் படுத்து, ஒரே ஒரு துளை போட்டுக்கொண்டு திரும்பியது. ஐந்தாவது காதுக்கு!

"ஒத்தை ஓட்டைக்கு ஒரு தனி மெஷினா?" என்றார் டீச்சர்.

"அங்கதான் என் மூளையே இருக்கு!" மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினார். "அதிர்வை உறிஞ்சுற காது மேடம் அது. எஞ்சின் ஓடும்போது உண்டாகிற நடுக்கமெல்லாம் இந்தத் துளை வழியா வெளியே போயிடும்."

"வெளியே போய் எங்க சார் தங்கும்?" என்று சோடா பவ்யமாகக் கேட்டான்.

"காத்துல கலந்துடும்."

"ஏன் சாய்வா இருக்கு?"

"நடுக்கம் நேரா போகாது. சாய்ஞ்சுதான் போகும். அதெல்லாம் பெரிய கணக்கு."

கணக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் டீச்சரின் மூக்கு லேசாக விடைத்தது. "ஒரு லிட்டர் எஞ்சினோட நடுக்கம் வேற, ஒண்ணு புள்ளி ஆறோட நடுக்கம் வேற இல்லையா? நாலுக்கும் காது ஒரே அளவா, ஒரே இடத்துலயே இருக்கே?"

மாப்பிள்ளை ஒரு நொடி பேந்தப் பேந்த விழித்தார். பிறகு சிரித்தார். "அந்தக் காதுல யாரும் கை வைக்கக் கூடாதுங்கறது என் உத்தரவு. எடுத்துடலாம்னு ரெண்டு இன்ஜினியருங்க வந்து சொன்னாங்க. ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"ஒவ்வொரு எஞ்சினுக்கும் காது குத்தறாரு, அப்படியே நமக்கும் சேர்த்துக் குத்தறாரு" என்று சோடா டீச்சரின் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தான்.

அப்போது முதலாளி வந்தார். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து, கைத்தடி ஊன்றி நடந்தார். "தம்பி பொண்ணு நல்லா இருக்காளா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "மாப்பிள்ளை சொல்ற மாதிரி எழுதிக் கொடுத்துடச் சொல்லுங்க. போலீஸ் வேண்டாம்னு நான் சொல்லிடறேன். குடும்ப மானம் பாருங்க."

தம்பி திருடன் என்று ஊர் பேசினால் போகாத மானம், இப்போது போலீஸ் வந்தால் போய்விடுமாம். டீச்சருக்கு மாப்பிள்ளையைவிட இவர்மேல்தான் எரிச்சல் அதிகமாக வந்தது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

டாக்சியில் ஏறிக் கொட்டகைக்குத் திரும்பினார்கள்.

"நீ காப்பி அடிச்ச காலத்துல ஒரு தடவை, நடு விடையில ஒரு மசிப் பொட்டு வெச்சிருந்தியே, ஞாபகம் இருக்கா?" என்று டீச்சர் திடீரென்று கேட்டார்.

"மறக்க முடியுமா? பக்கத்துல இருந்தவன் பேனா கக்கி விழுந்த பொட்டு. நான் தசமப் புள்ளின்னு நினைச்சு வெச்சேன். நீங்க சைபர் போட்டு, முட்டி போட வெச்சீங்க."

"ஏன் வெச்சே? விட்டிருக்கலாமே?"

"விட்டா விடை தப்பாயிடுமோன்னு பயம்தான் டீச்சர். எது வேணும், எது வேண்டாம்னு தெரிஞ்சா நான் ஏன் காப்பி அடிக்கறேன்?"

"அதேதான். மாப்பிள்ளைக்கும் அதே பயம். இத்தனை வருஷமா ஒரு மெஷினையும் ஆளையும் போட்டு அந்தப் பொட்டை வெச்சுக்கிட்டே இருக்காரு. ஆனா முதல் பொட்டு ஏன் விழுந்துச்சு? அந்தப் பேனா எங்க?"

"பேனா கிடக்கட்டும், என் தொப்பி போச்சு." சோடா தலையைத் தடவினான். "அந்த மொட்டைக் கையில மாட்டிட்டு மறந்துட்டேன். அது என்ன ஸ்டாண்டோ, மூணு கைதான் உருப்படி, நாலாவதுக்குப் பதிலா ஒரு பட்டை கோணலா..."

அவன் நிறுத்தினான். டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வேகமா ஓட்டுங்க" என்றார் டாக்சிக்காரரிடம்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் டீச்சர் ஈரக் கோட்டுகளை வாரி எடுத்துத் தரையில் போட்டார். பல் டாக்டர் "ஐயோ, என் கோட்டு" என்று கத்தினாள். சட்டத்தின் இடுக்கில் நகத்தால் சுரண்டியதில் துருவுக்கு அடியில் பாசிப் பச்சை பெயின்ட் உதிர்ந்தது. டீச்சர் பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை சோடா வருஷக்கணக்கில் பார்த்ததில்லை.

வாசலில் லாரி ஹாரன் கேட்டது. ஒரு போலீஸ்காரரும் நாலு கூலிக்காரர்களும் இறங்கினார்கள்.

"வாங்க, வாங்க" என்றார் டீச்சர். "எஞ்சினோட இந்த இரும்பையும் ஏத்துங்க. இதுவும் உங்க முதலாளி வீட்டுச் சாமான்தான். ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம், முதல்ல தொழிற்சாலைக்கு விடுங்க. புகார் கொடுத்தவரே சாமானைப் பார்த்து அடையாளம் சொல்லட்டும்."

போலீஸ்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. பல் டாக்டரும் லாரியில் ஏறிக்கொண்டாள்.

தொழிற்சாலை முற்றத்தில் மாப்பிள்ளை ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். "பாருங்க, திருட்டுச் சாமான் தானா வீடு வந்துடுச்சு!" என்று உரக்கச் சொன்னார். முதலாளி தடியை ஊன்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். தம்பி மகள் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"கொடுத்துட்டுப் போயிடறோம் சார்" என்றார் டீச்சர். "அதுக்கு முன்னாடி, எஞ்சினை மாட்டி வெச்சு வேலை பார்க்கற இந்த ஸ்டாண்டுல இதை ஒரு தடவை ஏத்திப் பார்க்கணும்."

செயின் கப்பியில் எஞ்சின் மேலே போனது. ஸ்டாண்டின் மூன்று கைகளையும் எஞ்சினின் முதுகில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். சங்கிலியைத் தளர்த்தியதும், நாலாவது கை இல்லாததால் எஞ்சின் ஒரு பக்கமாகத் தொங்கிச் சரிந்தது. கூலிக்காரர்கள் பதறிப் பிடித்துக்கொண்டார்கள்.

டீச்சர் கோணல் பட்டையைத் தூக்கி ஐந்தாவது காதில் வைத்தார். ஒரு போல்ட்டை எடுத்து, ஸ்பேனரே இல்லாமல், இரண்டு விரலால் திருகினார். அது சாய்ந்த துளைக்குள் வழுவழுவென்று கடைசிவரை போனது. ஆட்கள் கையை எடுத்தார்கள். எஞ்சின் அசையாமல் நின்றது.

"அந்த மூலை மெஷின்லேருந்து இப்ப வந்த ஒண்ணைக் கொண்டு வாங்க" என்றார். ஒன்று புள்ளி ஆறு பிளாக் ஒன்று வந்தது. முதலில் மாட்டியதை இறக்கிவிட்டு இதை ஏற்றினார்கள். இதிலும் அதே பட்டை, அதே காது, அதே இரண்டு விரல்.

"அதிர்வு உறிஞ்சவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார் டீச்சர். "கை உடைஞ்ச ஸ்டாண்டை வெச்சு வேலை பார்த்த ஒரு மனுஷன், எஞ்சின் கீழே விழாம இருக்கறதுக்காகத் தானே ஒரு காது வெச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான் விஷயம். இது என்னன்னு புரியாத ஒருத்தர் அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிச்சு, டாக்சியில வெச்சாரு, படகுல வெச்சாரு, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர்ல வெச்சாரு. எடுக்கச் சொன்னவங்களை வேலையை விட்டே தூக்கினாரு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த ஜாதி அவ்வளவு சீக்கிரம் அடங்காது.

"நல்லா ஜோடிச்சிருக்கீங்க!" என்று கத்தினார். "எஞ்சினைத் திருடினதுக்கு அப்புறம், அதுக்குத் தகுந்த மாதிரி இந்தப் பட்டையைச் செஞ்சிருக்காங்க! காது முதல்ல வந்துச்சு, பட்டை பின்னாடி வந்துச்சு!"

"அப்படியா?" என்றார் டீச்சர். "உங்க தொழிற்சாலையில இருக்கற ஸ்டாண்டுக்கெல்லாம் எத்தனை கை?"

மாப்பிள்ளை ஆட்கள் பக்கம் திரும்பி முறைத்தார்.

"நாலு" என்று கூட்டத்திலிருந்து ஒரு ஃபிட்டர் சொன்னார்.

"எல்லா ஸ்டாண்டுக்கும் நாலு கை இருக்கிற இடத்துல பிறந்த எஞ்சினுக்கு இந்தக் காது எதுக்கு முளைச்சுது? சொல்லுங்க."

மாப்பிள்ளை உடைந்த கையை நோக்கி விரலை நீட்டினார். "இந்த ஓட்டை ஸ்டாண்டு எப்ப உடைஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்? நேத்துக்கூட உடைச்சிருக்கலாம்!"

டக், டக் என்று தடிச் சத்தம் கேட்டது. முதலாளி வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளையைத் தாண்டி நேராக ஸ்டாண்டிடம் போனார். உடைந்த மொட்டையை உள்ளங்கையால் தடவினார். பிறகு தடியால் தன் வலது காலைத் தட்டிக் காட்டினார்.

"இது எப்ப உடைஞ்சுதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "உடைஞ்சு எஞ்சினோட என் கால்மேலதான் விழுந்துச்சு. அதுலேருந்துதான் நொண்டறேன். அந்தச் சனியனைக் குப்பையில போடுங்கடான்னு கத்தினேன். என் தம்பிதான் 'எனக்குக் கொடு'ன்னு கேட்டு, தெருவுல தள்ளிக்கிட்டே வீட்டுக்குக் கொண்டு போனான். என் பொண்ணு அப்ப ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருந்தா." அவர் மருமகன் பக்கம் திரும்பினார். "நீ யாருன்னே அப்ப எங்களுக்குத் தெரியாது."

மாப்பிள்ளை "மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பித்தார். முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்தார். மிச்சத்தை மனிதர் மென்று முழுங்கிவிட்டார். போலீஸ்காரர் தன் கையிலிருந்த புகாரை மடித்து, டீச்சரிடம் கொடுப்பதா மாப்பிள்ளையிடம் கொடுப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"சைபர்" என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல்.

"முட்டி போடச் சொல்லலையா டீச்சர்?" என்று சோடா ஆவலாகக் கேட்டான். "எனக்கு மட்டும் அன்னைக்கு..."

"வெள்ளை ஷூ அழுக்காயிடும். விடு."

முதலாளி தம்பி மகளுக்கு எதிரே வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. டீச்சருக்கு அதைப் பார்த்துக்கூட இரக்கம் வரவில்லை. தம்பி உயிரோடு இருந்தபோது அதே ஊரில் இருந்த கொட்டகைக்கு வந்துபோக அந்தக் கால் ஆகவில்லையாக்கும் என்றுதான் நினைத்தார்.

"தப்பு பண்ணிட்டேன்மா" என்றார் முதலாளி. "இந்த ஸ்டாண்டை முன் ஹால்ல கண்ணாடிப் பெட்டி செஞ்சு அதுக்குள்ள வெக்கச் சொல்றேன். உங்கப்பா பேரைப் பெரிசா போட்டு..."

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளினிக்கில் பல்லைப் பிடுங்கும்போது அவள் கை எப்படி நடுங்காதோ, அப்படியே இப்போது குரலும் நடுங்கவில்லை.

"பேரை எஞ்சின்மேல போடுங்க பெரியப்பா. எல்லா எஞ்சின்மேலயும். திருடன்னு எழுதிக் கொடுத்த கையாலேயே புகாரை வாபஸ் வாங்கச் சொல்லுங்க. அந்தக் காதை மட்டும் எடுத்துடாதீங்க, அது அப்பாவோடது."

"சரிம்மா. ஸ்டாண்டு?"

அவள் அதற்குள் புது பிளாக்கை இறக்கச் சொல்லிவிட்டு, ஸ்டாண்டின் பிடியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்திருந்தாள். பழைய சக்கரங்கள் கிரீச்சிட்டன. சோடா தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிப் போய் மறுபக்கம் பிடித்தான்.

"ஸ்டாண்டு முடியாது பெரியப்பா" என்றாள் திரும்பிப் பார்க்காமலே. "என் கோட்டெல்லாம் ஈரமா தரையில கிடக்கு. காயப்போட எனக்கு வேற இடமில்ல."